விரல் நுனி கறுப்பதற்கு முன்பே

தஞ்சைப் பக்கத்தில் ஒருவரின் விரல் நுனி கறுத்துப் புண்ணானால் ஊர் சட்டென்று மூன்று காரணங்களைச் சொல்லும். ஆணாக இருந்தால் பீடி. வயதானவராக இருந்தால் சர்க்கரை. பெண்ணாக இருந்து, தோலில் வெள்ளைப் புள்ளிகளும் தெரிந்தால், குரலைத் தாழ்த்திக்கொண்டு தொழுநோய் என்பார்கள். மூன்றும் உண்மையாக இருக்கக் கூடியவைதான். நான்காவதாக ஒன்று இருக்கிறது. அது ஊர் வாயில் வருவதில்லை. பல நேரம் மருத்துவச் சீட்டிலும் வருவதில்லை. கிருமியை எதிர்க்க வேண்டிய ஆன்டிபாடிகளை உடம்பு தன் சொந்தச் செல்களுக்கு எதிராகவே தயாரிக்கத் தொடங்கி, சின்னஞ்சிறு ரத்தக் குழாய்கள் உள்ளிருந்தே கெட்டுப்போவது அது. ஸ்கிளிரோடெர்மா, லூபஸ், மயோசிடிஸ், இவற்றின் குணங்கள் ஒன்றாக வரும் கலப்பு நோய் ஆகியவற்றை மருத்துவர்கள் இணைப்புத்திசு நோய்கள் என்று ஒரே குடும்பமாகப் பார்க்கிறார்கள்.

நடிகை சமந்தா 2022 அக்டோபரில் தனக்கு மயோசிடிஸ் இருப்பதாகத் தானே அறிவித்தபோதுதான் தமிழ் வீடுகளில் பலர் இந்தக் குடும்பத்தில் ஒரு பெயரையாவது முதல்முறையாகக் கேட்டார்கள். அந்தப் பேச்சு சில வாரங்களில் அடங்கிவிட்டது. நோய்கள் அப்படியே இருக்கின்றன.

இவை அரிய நோய்கள் என்பது உண்மை. டெல்லியை ஒட்டிய கிராமப்புறத்தில் ஏறத்தாழ 92,000 பேரைக் கணக்கெடுத்து 1993-ல் வெளியான ஓர் ஆய்வு, லட்சம் பேருக்கு மூன்று பேர் அளவில் லூபஸ் இருப்பதாகச் சொன்னது. லேசான நோய் உள்ளவர்கள் இந்த மாதிரிக் கணக்கெடுப்பில் எளிதாகத் தப்பிவிடுவார்கள் என்பதையும் சேர்த்தே அந்த எண்ணைப் படிக்க வேண்டும். லூபஸ் வந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15 வயதுக்கும் 45 வயதுக்கும் இடையில் இருப்பவர்கள். நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களையெடுப்பதும் இந்த வயதுப் பெண்களின் கைகள்தான். நோய் முதலில் தன்னைக் காட்டிக்கொள்ளும் இடமும் பெரும்பாலும் அந்தக் கைதான்.

பாரிஸில் மோரிஸ் ரேனோ என்ற இளம் மருத்துவர் 1862-ல் தன் பட்ட ஆய்வேட்டில் கையில் தெரியும் இந்த முதல் அறிகுறியை விவரித்தார். குளிர் பட்டதும், அல்லது மனம் பதறியதும், விரல்களில் ரத்தம் போகும் குழாய்கள் இறுகிக்கொள்கின்றன. விரல் முதலில் வெளுக்கும்; பிறகு நீலம் பாரிக்கும்; ரத்தம் திரும்பும்போது சிவந்து எரியும். அவர் பெயராலேயே இன்றும் அதை அழைக்கிறார்கள். பாடப்புத்தகப் படங்களெல்லாம் வெள்ளைத் தோல் கைகள் என்பதால், நம் ஊரில் இந்த மூன்று நிறங்களும் கண்ணில் படாமல் போகின்றன. நம் தோலில் புறங்கையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளங்கைப் பக்கத்தையும் நகத்தின் அடியையும் பார்க்க வேண்டும். அங்கே சுண்ணாம்பு போன்ற வெளுப்பும், வெளுப்பு முடியும் இடத்தில் வெட்டியதுபோல ஒரு கோடும் தெரியும். நீலம் என்பது நமக்குக் கருமையாகத்தான் தெரியும். பெண்கள் இதை "ரத்தம் சுண்டிப் போச்சு", "விரல் மரத்துப் போகுது" என்று சொல்கிறார்கள். இரண்டும் துல்லியமான விவரணைகள். கேட்கும் மருத்துவர் அதை ரத்தசோகை என்றோ, நரம்புத் தளர்ச்சி என்றோ மாற்றி எழுதிக்கொண்டு சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்.

இது குளிர்நாட்டு நோய், நமக்கு எதற்கு என்று நினைப்பது தவறு. தஞ்சையில் மார்கழி விடியலில் வெப்பம் இருபது டிகிரிக்குச் சற்று மேலேதான் இருக்கும். ஐரோப்பியருக்கு அது இதமான காலை. ஆனால் குழாய்கள் பார்ப்பது வெப்பமானியின் எண்ணை அல்ல, திடீர் மாற்றத்தை. போர்வையிலிருந்து எழுந்து பனியில் வாசல் தெளிப்பது, ஐப்பசி மழையில் தாளடி நடவுக்காக மணிக்கணக்கில் சேற்றுத் தண்ணீரில் கை வைத்திருப்பது, குளிர்பதனப் பெட்டியிலிருந்து மாவுப் பாத்திரத்தை எடுப்பது, ஏசி பேருந்தில் கும்பகோணத்திலிருந்து சென்னை போவது, எல்லாமே போதும்.

விரல் வெளுக்கும் எல்லோருக்கும் நோய் இருப்பதாக அர்த்தமில்லை. பெரும்பாலானோருக்கு அது வாழ்நாள் முழுவதும் தொந்தரவு மட்டுமே தருகிற ஒரு குணம். பதின்ம வயதில் தொடங்கும், இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி வரும், புண் ஆகாது. கவலைப்பட வேண்டிய வகை வேறு. அது முப்பது வயதைத் தாண்டி முதல்முறையாக வரும். வலி அதிகமாக இருக்கும். கட்டை விரலையும் விடாது. விரல்கள் உப்பி, மோதிரம் கழற்ற வராமல் போகும். நுனியில் கடுகளவு புண் வந்து ஆறாமல் கிடக்கும், ஆறினால் குழி விழும். இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த கட்டச் சோதனை வேண்டும்.

அந்தச் சோதனைகள் இரண்டு. ஒன்றுக்குப் பெரிய செலவு கிடையாது. நகம் தோலுக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் மெல்லிய தோலின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, தோல் மருத்துவரின் கைக்கருவியாலோ, கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் ஆப்தால்மாஸ்கோப்பாலோ பார்த்தால் தந்துகிகள் தெரியும். நலமான கையில் அவை கொண்டை ஊசிகளை அடுக்கி வைத்த மாதிரி வரிசையாக நிற்கும். நோய் தொடங்கிய கையில் சில வீங்கிப் பெருத்திருக்கும், சில வெடித்துக் கசிந்திருக்கும், பிறகு வரிசையில் வெற்றிடங்கள் விழும். இன்னொன்று ரத்தத்தில் தன்னெதிர்ப்பு ஆன்டிபாடிகளைத் தேடுவது. கனடாவில் 586 பேரை இருபது ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து 2008-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த இரண்டையும் சேர்த்து எடை போட்டது. விரல் வெளுப்பு மட்டும் இருந்து, தந்துகிகளும் சரியாக, ஆன்டிபாடியும் இல்லாமல் இருந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவாகவே பின்னாளில் ஸ்கிளிரோடெர்மா வந்தது. இரண்டும் கெட்டிருந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய எண்பது பேருக்கு வந்தது.

இரண்டுக்கும் எண்பதுக்கும் இடையிலான அந்தத் தூரத்தை ஒரு சொட்டு எண்ணெயும் ஒரு குப்பி ரத்தமும் சொல்லிவிடுகின்றன. பயப்பட வேண்டியவர் யார், நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்பவர் யார் என்று நோய் முற்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பிரித்துவிட முடியும் என்கிறபோது, அதைச் செய்யாமல் விடுவதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

ஆன்டிபாடிகள் நோய்க்கு முன்னால் வருகின்றன என்பது மருத்துவம் கடந்த சில பத்தாண்டுகளில் கற்றுக்கொண்ட மிக முக்கியமான செய்தி. அமெரிக்க ராணுவம் தன் வீரர்களின் ரத்த மாதிரிகளைச் சேமித்து வைக்கிறது. லூபஸ் வந்த 130 வீரர்களின் பழைய மாதிரிகளை எடுத்துப் பார்த்த ஆய்வு 2003-ல் வெளியானது. அவர்களில் 88 சதவீதத்தினரின் ரத்தத்தில் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே ஏதாவது ஒரு தன்னெதிர்ப்பு ஆன்டிபாடி இருந்தது, சராசரியாக 3.3 ஆண்டுகள் முன்பு, சிலரிடம் ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல்.

எந்த ஆன்டிபாடி என்பதைப் பொறுத்து ஆபத்தின் திசையும் மாறும். சென்ட்ரோமியருக்கு எதிரான ஆன்டிபாடி உள்ளவருக்கு நோய் மெதுவாக நடக்கும். விரல் வெளுப்பு மட்டுமே பல ஆண்டுகள் இருக்கும், அதற்குப் பிறகு நுரையீரல் தமனிகள் தடித்து இதயத்தின் வலப்பக்கம் திணறத் தொடங்கலாம். ஸ்கிளெரோ-70 என்ற ஆன்டிபாடி இருந்தால் நுரையீரல் தழும்பேறுவதை முதல் சில ஆண்டுகளிலேயே எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும். ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்-3-க்கு எதிரானது இருந்தால் முதல் கவலை சிறுநீரகம். யு1-ஆர்.என்.பி. கலப்பு நோயைக் குறிக்கும். ரத்தப் பரிசோதனை அறிக்கையில் "பாசிடிவ்" என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

அதே அளவு முக்கியமான எதிர் எச்சரிக்கையும் உண்டு. ஏ.என்.ஏ. என்ற பொதுச் சோதனை, நலமாக இருப்பவர்களிடமும் பாசிடிவ் ஆகும். 1997-ல் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து நோயற்றவர்களின் ரத்தத்தைப் பார்த்தபோது, ஒன்றுக்கு நாற்பது என்ற நீர்ப்பில் ஏறக்குறைய 32 சதவீதமும், ஒன்றுக்கு எண்பதில் 13 சதவீதமும், ஒன்றுக்கு நூற்று அறுபதில் 5 சதவீதமும் பாசிடிவ் ஆனது. ஊர் ஊராக இப்போது லேப்கள் முழு உடல் பரிசோதனை, மூட்டுவலிப் பேக்கேஜ் என்று விற்கின்றன. அறிகுறி எதுவும் இல்லாதவர் அந்தப் பேக்கேஜில் இந்தச் சோதனையையும் செய்துகொண்டு, இல்லாத நோய்க்காகத் தூக்கமிழப்பது தேவையற்றது. முதலில் விரலையும் தோலையும் மூச்சையும் பார்க்கட்டும். அதற்குப் பிறகு ரத்தம்.

குழாய்களுக்குள் என்னதான் நடக்கிறது? ஒவ்வொரு ரத்தக் குழாயின் உட்புறத்தையும் ஒற்றை அடுக்குச் செல்கள் பாய் விரித்தாற்போல் மூடியிருக்கின்றன. குழாயை விரிய வைக்கும் நைட்ரிக் ஆக்சைடையும் இறுக வைக்கும் எண்டோதீலினையும் சுரப்பது அந்தச் செல்கள்தான். ஸ்கிளிரோடெர்மாவில் அவை அடிபடுகின்றன. இறுக்கம் கூடுகிறது, விரிவு குறைகிறது, உட்சுவர் தடித்து வழி குறுகுகிறது. லூபஸில் ஆன்டிபாடியும் அதன் இலக்கும் ஒட்டிய கட்டிகள் குழாய்ச் சுவரில் படிந்து அழற்சியை மூட்டுகின்றன. பாஸ்போலிப்பிட் ஆன்டிபாடிகள் இருக்கிறவர்களுக்குச் சுவர் நன்றாக இருக்கும்போதே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. தலைமதகில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருக்கும்போதே தூர் ஏறிய வாய்க்காலால் கடைமடை காய்வதுண்டு. விரல் நுனி உடம்பின் கடைமடை. மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்து "ரத்த ஓட்டம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்வதில் பயனில்லாதது அதனால்தான்.

தொழுநோய்க் குழப்பத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையில் தொழுநோய்க்கென்றே நீண்ட காலமாக மருத்துவமனை இயங்கிவரும் வட்டாரம் இது. விரல் குறைந்தால் அந்த நோய்தான் என்ற நினைப்பு மூன்று தலைமுறையாக ஊறியிருக்கிறது. ஸ்கிளிரோடெர்மாவிலும் விரல் நுனி எலும்பு கரைந்து விரல் குட்டையாகும். நம் நிறத் தோலில் கழுத்திலும் மார்பிலும் உப்பும் மிளகும் தூவியது போல வெண்புள்ளிகள் தோன்றும். பார்ப்பவர் வேறெதை நினைப்பார்? ஆனால் பிரித்தறிய ஒரு கேள்வி போதும். வலிக்கிறதா? தொழுநோயில் நரம்பு செத்துவிடுவதால் புண் வலிக்காது. அடுப்பில் சுட்டதுகூடத் தெரியாது. ஸ்கிளிரோடெர்மாப் புண் உயிர் போகிற மாதிரி வலிக்கும், இரவில் தூங்க விடாது. வலியால் துடிக்கிற பெண்ணைத் தொழுநோயாளி என்று திண்ணையில் தனித்தட்டு கொடுத்து உட்கார வைத்த வீடுகள் இருந்தால், அந்த வீடுகள் இரண்டு தவறுகளைச் செய்திருக்கின்றன. தொழுநோயாளியைக்கூட அப்படி உட்கார வைக்கத் தேவையில்லை. கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே அவரிடமிருந்து பரவுவது நின்றுவிடும்.

பீடி விஷயத்திலும் இப்படியொரு குழப்பம் உண்டு. 1908-ல் நியூயார்க்கில் லியோ பர்கர் விவரித்த, புகைப்பவர்களின் கை கால் விரல்களை அழுகவைக்கும் நோய் நம் மருத்துவமனைகளில் பழக்கமான காட்சி. புகைக்கவே புகைக்காத பெண்ணின் விரல் கறுத்தால் அந்தப் பழக்கமான பெயர் பொருந்தாது. அவருக்கு ஆன்டிபாடிப் பரிசோதனை அன்றைக்கே போக வேண்டும். புகைக்காதவர் என்பதோடு புகையிலையும் போடாதவரா என்றும் கேட்க வேண்டும். வயல் வேலைக்குப் போகிற பெண்கள் வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்வது இங்கே சகஜம். நிகோடின் வாய்வழியாகப் போனாலும் குழாயை இறுக்கும். வெற்றிலை இருக்கட்டும், புகையிலை போகட்டும்.

இன்னொரு குழப்பம் காலில். கும்பகோணம் யானைக்காலுக்குப் பெயர்போன ஊர். ஒரு கால் வீங்கினால் கைவசம் பதில் இருக்கிறது. யானைக்கால் வீக்கம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில், காய்ச்சலோடு விட்டுவிட்டு வளரும். ஓரிரு நாட்களில் ஒரே கால் வீங்கி, கெண்டைக்கால் கடினமாகி வலித்தால் அது ஆழ்சிரையில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். உறைகட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிர் போகும். டாப்ளர் ஸ்கேன் எடுக்க அரைமணி நேரம்கூட ஆகாது. இளம்பெண்ணுக்கு இப்படி வந்து, அறுவைச் சிகிச்சையோ நீண்ட படுக்கையோ காரணமாக இல்லாவிட்டால், பாஸ்போலிப்பிட் ஆன்டிபாடிகளைத் தேட வேண்டும். லண்டனில் கிரஹாம் ஹியூஸ் 1983-ல் தெளிவாக்கிய நோய்க்கூட்டு இது: சிரையிலோ தமனியிலோ உறைவு, திரும்பத் திரும்பக் கருச்சிதைவு, ரத்தத்தில் இந்த ஆன்டிபாடிகள்.

இதே ஆன்டிபாடிகள் பெண்களுக்கு வேறொரு அநியாயத்தையும் செய்கின்றன. கர்ப்பிணிகளுக்கு மேகநோய் இருக்கிறதா என்று பார்க்கும் வி.டி.ஆர்.எல்., ஆர்.பி.ஆர். சோதனைகளில் பயன்படும் மூலப்பொருள் கார்டியோலிபின் என்ற கொழுப்பு. மாட்டு இதயத்திலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. பாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி உள்ள பெண்ணின் ரத்தம், மேகநோய் இல்லாமலேயே அதோடு வினைபுரியும். அறிக்கையைப் பார்த்த மாமியார் என்ன பேசுவார், கணவர் என்ன கேட்பார் என்று விளக்க வேண்டியதில்லை. டி.பி.எச்.ஏ. என்ற உறுதிச் சோதனை நெகடிவ் என்றால் மேகநோய் இல்லை. ஆன்டிபாடியைத் தேடுங்கள் என்று அந்தத் தாள் சொல்கிறது. முதல் தாளை மட்டும் கையில் கொடுத்து எந்தப் பெண்ணையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

பாபநாசம் வட்டம் திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை சன்னதியில் எந்த நாள் போனாலும் பெண்கள் நிற்கிறார்கள். கரு தங்க மந்திரித்த நெய், சுகப்பிரசவத்துக்கு விளக்கெண்ணெய். பல ஊர்களிலிருந்து, கடல் கடந்தும் வருகிறார்கள். அந்த வரிசையில் மூன்றாவது, நான்காவது கருவை இழந்தவர்களும் நிற்கிறார்கள். அவர்கள் வேண்டுதலில் குறுக்கிட எனக்கு எண்ணமில்லை. ஆனால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. பத்து வாரத்துக்குள் தொடர்ச்சியாக மூன்று கருக்கள் கலைந்திருந்தாலோ, பத்து வாரத்துக்குப் பிறகு குறையில்லாத ஒரு கரு உள்ளேயே இறந்திருந்தாலோ, லூபஸ் ஆன்டிகோஅகுலண்ட், கார்டியோலிபின் ஆன்டிபாடி, பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் ஆன்டிபாடி மூன்றையும் பார்க்க வேண்டும். பாசிடிவ் என்றால் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். கண்டுபிடித்தால் மருந்து உண்டு. லண்டனில் இப்படிப்பட்ட 90 பெண்களிடம் நடந்து 1997-ல் வெளியான ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்கு உயிருள்ள குழந்தை பிறந்தது. ஆஸ்பிரினோடு ஹெபாரின் ஊசியும் போட்டவர்களில் 71 சதவீதம். நூற்றுக்கு எழுபத்தொரு தொட்டில்கள். இந்தச் செய்தி கோயில் வாசலிலும் தஞ்சாவூர் ராஜா மிராசுதார் மருத்துவமனையின் பிரசவ வார்டிலும் சுவரில் எழுதப்பட வேண்டியது என்று நான் நினைக்கிறேன்.

ரோ என்ற ஆன்டிபாடியையும் இங்கேயே சொல்லிவிடலாம். அது தாய்க்கு எந்தத் தொல்லையும் கொடுக்காமலே இருக்கக் கூடும்; நஞ்சுக்கொடி வழியாகப் போய், நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைகளின் இதயத் துடிப்பு ஓட்டத்தைத் தடுத்துவிடும். லூபஸ் அல்லது ஷோகிரென் என்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ள பெண் கருத்தரிப்பதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இனி, எல்லாவற்றிலும் கொடியது. மூட்டுவலி, கை வீக்கம் என்று போனால் ஊசி போட்டு அனுப்புகிற இடங்கள் எல்லாச் சிற்றூர்களிலும் உண்டு. மருந்துச் சீட்டில்லாமல் கடையில் பொட்டலமாகக் கொடுக்கப்படும் மாத்திரைகளும் உண்டு. பெரும்பாலும் அவற்றில் இருப்பது ஸ்டீராய்டு. இரண்டே நாளில் வலி போய்விடும், அதனால் "நல்ல கைராசி" என்று பெயரும் கிடைக்கும். லூபஸில் மருத்துவர் கண்காணிப்பில் ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து. ஸ்கிளிரோடெர்மாவில், அதுவும் தோல் வேகமாக இறுகிவரும் முதல் நான்கைந்து ஆண்டுகளில், நாளுக்கு 15 மில்லிகிராம் பிரட்னிசலோனுக்கு மேல் போனால் சிறுநீரக நெருக்கடி வரும் வாய்ப்பு கூடுகிறது. 4 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் ஊசி ஒன்றே 25 மில்லிகிராம் பிரட்னிசலோனுக்கு மேல் சமம்.

அந்த நெருக்கடியில் சிறுநீரகத்தின் சிறு தமனிகள் அடைபட்டு, ரத்த அழுத்தம் சில நாட்களில் எகிறி, தலைவலியும் மூச்சுத்திணறலும் வலிப்பும் வந்து, சிறுநீர் நின்றுபோகும். கேப்டோபிரில் போன்ற ஏ.சி.இ. தடுப்பு மாத்திரைகள் வருவதற்கு முன்பு இது ஏறக்குறைய மரண தண்டனை. அமெரிக்காவில் வர்ஜீனியா ஸ்டீன் 1990-ல் வெளியிட்ட கணக்கில், அந்த மாத்திரை கிடைக்காதவர்களில் 15 சதவீதம் பேர்தான் ஓராண்டு உயிரோடிருந்தார்கள். கிடைத்தவர்களில் 76 சதவீதம். விலை குறைந்த, பழைய மாத்திரை. ஆனால் அழுத்தம் ஏறிய அன்றே தெரிந்தால்தான் அது வேலை செய்யும். ஸ்கிளிரோடெர்மா உள்ளவர் வீட்டில் ஒரு ரத்த அழுத்தக் கருவி இருக்க வேண்டும். வழக்கமாக 110 இருப்பவருக்கு 140 காட்டினால், "லேசான பிரஷர்தான், உப்பைக் குறைங்க" என்பது அவருக்குப் பொருந்தாத அறிவுரை. அவர் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதயத்தையும் நுரையீரலையும் பற்றிச் சுருக்கமாக. 35-லிருந்து 44 வயது வரையுள்ள பெண்களில், லூபஸ் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு அதே வயதுப் பிற பெண்களைவிட ஐம்பது மடங்குக்கும் மேல் என்று 1997-ல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. நாற்பது வயதுப் பெண்ணின் நெஞ்சு வலியை வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பதற்கு முன் இந்த எண்ணை நினைத்துக்கொள்ள வேண்டும். ஸ்கிளிரோடெர்மா உள்ளவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு நுரையீரல் தமனி அழுத்தம் வருகிறது. வரப்பில் நடக்கவே மூச்சு வாங்குகிறது என்று சொல்பவருக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டு, எக்கோ எடுக்காமல் விடுவது பெரிய தவறு. ஆண்டுக்கொரு முறை எக்கோவும் நுரையீரல் ஊதுசோதனையும் வேண்டும்.

மருந்துகள் எட்டாத உயரத்தில் இல்லை. விரல் குழாய்களை விரிக்கும் அம்லோடிபின், ரத்த அழுத்தத்துக்காக ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைப்பதுதான். லூபஸுக்கு அடிப்படை மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் பழைய மலேரியா மருந்து. 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு ஆகுமென்று எல்லோரும் தேடியபோது லூபஸ் நோயாளிகள் கடை கடையாக அலைந்தார்கள். எடைக்கேற்ற அளவும் ஆண்டுதோறும் கண் பரிசோதனையும் இருந்தால் பல ஆண்டுகள் எடுக்கலாம், கர்ப்பத்திலும் நிறுத்தத் தேவையில்லை. உறைவுக்கு வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் எடுப்பவர்கள் ரத்தம் உறையும் நேரத்தைச் சொல்லும் ஐ.என்.ஆர். சோதனையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முருங்கைக்கீரையை ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாற்றிச் சாப்பிட்டால் மருந்தின் வேகம் தடுமாறும். விலக்க வேண்டியவையும் உண்டு. படபடப்புக்குக் கொடுக்கும் புரோப்ரனலால், ஒற்றைத் தலைவலிக்கான எர்காட் மாத்திரைகள், மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரின் ஆகியவை விரல் குழாயை மேலும் இறுக்கும். கல் உடைக்கும், அறுக்கும் வேலையும் அந்தப் பட்டியலில் உண்டு. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடம் எராஸ்மஸ் என்ற மருத்துவர் 1957-லேயே சிலிக்கா தூசுக்கும் ஸ்கிளிரோடெர்மாவுக்கும் உள்ள தொடர்பை எழுதிவைத்தார். பக்கத்துப் புதுக்கோட்டைக் குவாரிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களும் அவர்களுக்கு மருத்துவம் பார்ப்பவர்களும் இதை அறிந்திருக்க வேண்டும்.

எங்கே போவது? முதலில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவம், தோல் பிரிவுகளுக்கு. சிக்கலானவர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மரும் வேலூர் சி.எம்.சி.யும், ஏ.என்.சந்திரசேகரன் சென்னை மருத்துவக் கல்லூரியில் வளர்த்தெடுத்த வாதநோய்ப் பிரிவும் இருக்கின்றன. ஆனால் ஒருநாள் நடவுக் கூலியை விட்டுவிட்டு, துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கொரு முறை அவ்வளவு தூரம் போவது விவசாயக் கூலிக் குடும்பத்தால் முடிகிற காரியமல்ல. இரண்டாவது முறையிலோ மூன்றாவது முறையிலோ நின்றுவிடுகிறார்கள். நோய் நிற்பதில்லை.

ஆகவே சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளோடு இரண்டைச் சேருங்கள்: குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் விரல் வெளுக்கிறதா? கரு திரும்பத் திரும்பக் கலைந்திருக்கிறதா? ஆம் என்பவரின் பெயர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகட்டும். அங்குள்ள மருத்துவர்களுக்கு ஒரு நாள் பயிற்சியில் நகத்தடித் தந்துகிகளைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கலாம். ஆன்டிபாடிச் சோதனைகளுக்கான ரத்தத்தை அங்கேயே எடுத்துத் தஞ்சாவூருக்கு அனுப்பலாம். பெண் பயணம் போக வேண்டாம், குப்பி போகட்டும். இதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. இந்தச் சம்பா நடவு முடிவதற்குள் ஒரு வட்டாரத்திலாவது தொடங்கிப் பாருங்கள்.